ஒரு முறம் தவிடும் சீனத்துக் குழந்தையும்

படம் மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அன்றைய இணைய இணைப்பு அப்படி. முதலில் வெள்ளைச் சுவர். அப்புறம் குத்திட்டு நின்ற கறுப்பு முடி. அதோடு நின்றுவிட்டது. என் நாற்காலிக்குப் பின்னால் கணவனும் மனைவியுமாக இருவர் குனிந்து நின்றார்கள். அவர்கள் மூச்சு என் காதில் பட்டது. கீழே தெருவில் போன பஸ்ஸின் சத்தம் அடங்குவதற்குள் நெற்றி வந்தது. பிறகு கண்கள். சட்டைக்கு மேல் சட்டையாகப் போட்டுப் பொட்டலம் மாதிரி உட்கார வைத்த ஒரு குழந்தை, கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது.

அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டுக் குழந்தை என்றே நான் நினைத்திருந்தேன்.

“சைனாக் குழந்தை மாதிரி இருக்குதேக்கா” என்றேன்.

“சைனாக் குழந்தைதான்” என்றார் அந்த அக்கா. “எங்க பொண்ணு.”

மவுஸ் மேல் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா திரையில் அந்தக் குழந்தையின் கன்னம் இருந்த இடத்தை விரலால் தொட்டார். அவர் கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிரிண்ட் அவுட் எடுக்கட்டுமா என்று நான் கேட்டது இருவருக்குமே கேட்கவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த பிரவுசிங் சென்டரில் அப்போது எனக்கு வேலை. நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், எனக்கென்று ஒரு சுழல் நாற்காலி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். எங்கள் நெசவுத் தெருவில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த பெண் வேறு யாரும் அன்று இல்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

அந்த அக்காவும் சாரும் அமெரிக்காவிலிருந்து நீண்ட விடுமுறையில் வந்திருந்தார்கள். பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சாருடைய அம்மா தனியாக இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மாமி என்போம். அந்த வீட்டுக் கல்யாணப் புடவைகள் எங்கள் தறியில் நெய்தவை. அந்தப் பழக்கத்தில்தான் அக்கா என் சென்டருக்கு வந்தார். ஸ்கேன் செய்ய, இமெயில் பார்க்க, கடிதம் டைப் அடிக்க என்று தினமும் வேலை இருந்தது. என்ன விஷயம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படம் வந்த அன்றுதான் எல்லாம் சொன்னார். பல வருடம் டாக்டர்களிடம் அலைந்து பயனில்லை. இங்கே தத்தெடுக்க முயன்று, கோப்பு ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் போய்த் திரும்பி வந்தது. அமெரிக்காவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சீனாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கூட்டி வந்து வளர்த்தார்கள். இவர்களும் அதே வழியில் எழுதிப் போட்டுக் காத்திருந்தார்கள். இந்தக் குழந்தையை ஒரு மார்க்கெட் வாசலில், அட்டைப்பெட்டியில் கண்டெடுத்தார்களாம். போட்டுவிட்டுப் போனது யார் என்று தெரியாது.

“மாமிக்கு இன்னும் தெரியாது” என்றார் அக்கா. “நீயும் சொல்லிண்டிருக்காதே.”

நான் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது எதிரே வந்த சைக்கிளில் நேராகப் போய் மோதினேன்.

*

அடுத்த வாரத்திலிருந்து அக்கா காலை வேளைகளில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். என் அண்ணிக்கு அப்போதுதான் மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. மூன்றாவதும் பெண். பெட்டி நிறையப் புத்தகம் படித்திருந்த அக்காவுக்குக் குழந்தையைக் குளிப்பாட்ட மட்டும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்தார்.

கிணற்றடியில் மணைப்பலகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால் மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்ற வேண்டும். அக்காவுக்குக் கால் நடுங்கும். குழந்தை வழுக்கும். அவர் இரண்டு விரலால் அதன் கையைப் பிடிப்பார்.

“கண்ணாடி டம்ளர் கழுவற மாதிரி இருக்குதே” என்று அண்ணி கேலி செய்வாள். “புள்ளதான்க்கா அது. ஒடையாது, நல்லா புடிங்க.”

சில நாளில் பிடி வந்துவிட்டது. மூக்கை நீவிவிடவும் சாம்பிராணிப் புகையில் தலையைக் காட்டவும் பழகிக்கொண்டார். அவர் குரல் கேட்டால் குழந்தை அழுகையை நிறுத்தியது. அதைக் கவனித்து அண்ணிக்குப் பெருமை. அக்காவுக்கு முகமெல்லாம் ஈரம்.

தறியில் இருந்த அண்ணனிடம் அக்கா ஒரு சின்னப் பட்டுப் பாவாடைக்குச் சொன்னார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. சீனாவிலிருந்து பட்டு நூல் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்த காலம் அது.

“நூலு சைனா. ஜரிகை சூரத்து. கட்டப்போற பொண்ணும் சைனா” என்றான் அண்ணன். “இதுல காஞ்சிபுரம் எங்க இருக்குது?”

“தறில குந்திக்கினு வாயடிக்குதே, அதான்” என்றாள் அண்ணி.

அளவு யாருக்கும் தெரியவில்லை. படத்தை வைத்து அளவெடுக்க முடியுமா? அண்ணன் தன் இரண்டாவது பெண்ணைக் கூப்பிட்டு நிற்க வைத்து, முழம் போட்டுக்கொண்டான்.

இதற்குள் சார் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மாமி சத்தம் போடவில்லையாம். அது இன்னும் மோசம் என்றார் அக்கா. மாமி வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். காலையில் கோயிலுக்குப் போனால் நடை சாத்தும்போதுதான் திரும்புவார். ஒரே ஒரு முறை மகனிடம் கேட்டாராம். தத்து என்றால் ஒருத்தர் கொடுக்க வேண்டும், ஒருத்தர் வாங்க வேண்டும். கொடுக்கிற கை இல்லாத குழந்தையை எப்படி வாங்குவாய்? அக்கா இதைக் குழந்தைக்குப் பவுடர் போட்டபடி, எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

*

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்ட, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்பார்கள். எங்கள் வீட்டில் அது சீண்டல் இல்லை, நடந்தது. அண்ணனுக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகள் என் அம்மாவுக்குத் தங்கவில்லை. மூன்றாவதாக நான். எனக்கும் காய்ச்சல் கண்டபோது, அம்மா என்னைத் தூக்கிப்போய் மாமியின் மடியில் போட்டு, இது உங்கள் பிள்ளை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். பிறகு ஒரு முறத்தில் தவிடு எடுத்துப்போய், இதை வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தாள். தவிட்டு விலைக்கு வாங்கிய பிள்ளை, அதுவும் வேறொருத்தி பிள்ளை என்று எண்ணி எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்தான். கல்லூரியில் அதைச் சுருக்கி எழுதிச் சமாளித்தேன்.

இப்போது அண்ணியின் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தை பாலைக் கக்கியது. உனக்குச் செய்ததை இதற்கும் செய்துவிடலாம் என்றாள் அம்மா. நான் சிரித்தேன். வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று ஒரு பேப்பரில் விலாசம் எழுதிக் கொடுத்தேன். டாக்டரையும் பார்ப்போம், இதையும் செய்வோம் என்று அம்மா பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணியும் சரி என்றாள்.

அன்று அக்காவும் சாரும் எதற்கோ முத்திரை வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார்கள். நான் சென்டரில் இருந்தேன். கூட்டம் நல்ல கூட்டம். கல்லூரிப் பையன்கள் ரிசல்ட் பார்க்க வந்திருந்தார்கள். திடீரென்று அந்தப் பேச்சுச் சத்தமெல்லாம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

வாசலில் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் முறம். முறம் நிறையத் தவிடு. மாடிப்படி ஏறிய மூச்சு இரைத்தது. அவள் அந்தச் சென்டருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன், உன் ஆபீசுக்கு நான் எதுக்குமா என்று வராதவள்.

“மாமி தவிட்ட வாங்க மாட்டேங்கறாங்கமா” என்றாள். “புள்ளைய உள்ள எடுத்துக்கினு போய்ட்டாங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முறத்தை என் மேஜையில் இறக்கியதில் தவிடு கொஞ்சம் கீபோர்டில் விழுந்தது.

*

மாமி வீட்டில் வாசலைத் தாண்டினால் ரேழி, இருட்டான சின்ன நடை. அதற்கு அப்பால் கூடம். ரேழியைத் தாண்டி எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. கல்யாணப் புடவையைப் பிரித்துக் காட்டும்போதுகூட அப்பா ரேழியில்தான் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் அங்கேயே நின்றோம். எங்கள் குழந்தை கூடத்து ஊஞ்சலில், மாமியின் பழைய பட்டுப்புடவை மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புடவை எங்கள் தறியுடையது. கரையைப் பார்த்ததும் தெரிந்தது.

மாமி ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

“வந்தியா, தவிட்டுப் பொண்ணே” என்றார். கோபம் இல்லாத குரல். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நான் படித்த பெண்ணாகப் பேசினேன். அது வெறும் சாங்கியம்தானே மாமி, குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பால் கொடுக்கிற நேரம், தவிட்டை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள் என்றேன். சட்டம் என்ற வார்த்தையையும் ஒரு தடவை உபயோகித்தேன்.

“நான் கேக்கலைடி” என்றார் மாமி. “அந்தக் குழந்தை வேண்டாம்னு பெருமாள்ட்ட அழுதுண்டிருந்தேன். ஆத்துக்கு வரேன், உங்கம்மா இதைக் கொண்டுவந்து மடியில போடறா. பெருமாளைத் தவிர யார் அனுப்புவா? அதைக் கொடுத்தவா யாருன்னு கேட்டா ஊர் உலகத்துல ஒருத்தருக்கும் தெரியலை. இதைக் கொடுத்தவ எதிர்ல நிக்கறா.”

“இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாதா மாமி? எனக்குச் செஞ்சது தானே?”

“நன்னாத் தெரியும். உன்னைத் திருப்பிக் கொடுத்தவ நான்தானே” என்றார். பிறகு ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒருதரம் கொடுத்துட்டேன். இன்னொருதரம் என்னால ஆகாது.”

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவே நாலு விரல் உயர நிலைப்படி. காலைத் தூக்கி வைத்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கொடுத்த பிள்ளையை, தவிடு கை மாறாமல் தூக்கினால் அது திருட்டுப் பிள்ளை. அதற்கு ஆகாது. அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. மாமிக்கும் இல்லை. வெறும் தவிடு அது, மாட்டுக்குப் போடுகிற தவிடு. அதை ஒரு கை வாங்கினால்தான் எங்கள் குழந்தை எங்கள் குழந்தை. பி.காம். படித்த நான், அந்த நிலைப்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன். தாண்டவில்லை.

அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். அவன் தறியிலிருந்து அப்படியே வந்தான், லுங்கியில் நூல் பிசிறோடு. அவன் வந்தால் சத்தம் போடுவான், மாமி பயந்து கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவன் ரேழிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஊஞ்சலையே வெகுநேரம் பார்த்தான். மாமி அவனிடமும் அதையே சொன்னார். பிள்ளை அமெரிக்காவில் வளரும், உன் மற்ற இரண்டு பெண்களின் படிப்பும் எங்கள் பொறுப்பு என்றும் சொன்னார்.

“இருக்கட்டும்மா” என்றான் அண்ணன். “அவங்க வரட்டும். பார்த்துட்டு சொல்லட்டும்.”

என் காதை நான் நம்பவில்லை. “உன் பொண்ணுண்ணா அது.”

“மூணாவது” என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இங்க இருந்தா இன்னா ஆவப்போவுது, சொல்லு. அங்க போனா உன்ன மாதிரி ஆவும். உன்னவிட பெருசா ஆவும்” என்றான்.

எனக்குப் பரீட்சைப் பணம் கட்டியவன் அவன். நான் பாஸ் செய்தபோது தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவன். அவனைக் கெட்டவன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவன் என் படிப்பைக் காட்டியே தன் பெண்ணைக் கொடுக்கப் பார்க்கிறான்.

அண்ணிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நேரமாகியும் குழந்தை வராததால் அவளாகவே வந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. ரேழியில் நின்ற எங்கள் மூவரையும் விலக்கிக்கொண்டு நேரே கூடத்துக்குள் நடந்தாள். நிலைப்படியை அவள் பார்க்கக்கூட இல்லை. குழந்தையை எடுத்து, ஊஞ்சலுக்குக் கீழேயே உட்கார்ந்து மாரில் போட்டுக்கொண்டாள். மாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பசிக்கும்னு ஒருத்தராவது வந்து சொல்லக்கூடாதா” என்றாள் அண்ணி, பொதுவாக.

அம்மா ரேழியில் இருந்தபடியே நடந்ததைச் சொன்னாள். தவிடு இன்னும் கை மாறவில்லை என்றும் சொன்னாள். எழுந்திருக்கப்போன அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் குனிந்து லுங்கியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று அப்போது அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்க வேண்டும். அழவில்லை. குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்காவும் சாரும் வந்தார்கள். அக்கா கையில் பிளாஸ்டிக் உறையில் முத்திரை குத்திய காகிதங்கள். ரேழியில் எங்கள் செருப்பையும் எங்களையும் பார்த்துத் திகைத்தார். கூடத்தில் அண்ணியைப் பார்த்ததும் இன்னும் திகைத்தார்.

மாமி பல நாளுக்குப் பிறகு மருமகளிடம் பேசினார். நடந்ததையெல்லாம் முறையாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் சொன்னார்:

“இதோ உன் பொண்ணு. உன் கையால எண்ணெய் தேய்ச்ச குழந்தை. அந்தச் சைனாக் குழந்தையை வேண்டாம்னு எழுதிப் போட்டுடு.”

அக்கா காகித உறையை ஊஞ்சலில் வைத்தார். அண்ணிக்கு எதிரே மண்டியிட்டுக் கையை நீட்டினார். அண்ணி கொடுத்துவிட்டாள். எதற்குக் கொடுத்தாள் என்று பிறகு கேட்டேன். அந்தக் கை பட்டதும் குழந்தையே பாலை விட்டுவிட்டது என்றாள். அக்கா அதன் தலையை முகர்ந்தார். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். பசியோடு இருப்பவர் முன்னால் இலை போட்ட மாதிரி இருந்தது அது. முடிந்தது, எடுத்துக்கொள்ளப்போகிறார் என்று நினைத்தேன். சாரும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

“நீ என்ன சொல்றியோ அதுதான்” என்றார் மெதுவாக.

அக்கா குழந்தையோடு எழுந்து ரேழிக்கு வந்தார். என் அம்மா முன்னால் நின்று, துப்பட்டாவை ஒரு கையால் விரித்துப் பிடித்தார்.

“தவிட்டைப் போடுங்கோ” என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. மாமிக்குத்தான் முதலில் புரிந்தது.

“நீ யாருடி வாங்கறதுக்கு?”

“இந்த ஆத்து நாட்டுப்பொண்” என்றார் அக்கா, திரும்பாமல். “நீங்க வாங்கலைன்னா நான் வாங்கலாமோன்னோ? போட்டவா யாருன்னு தெரியாட்டாலும் அந்தப் படம் வந்த அன்னிக்கே அவ என் மடியில விழுந்தாச்சும்மா. நான் எடுத்து வெளியில வைக்க மாட்டேன்.”

அம்மா முறத்தைச் சரித்தாள். பாதித் தவிடு துப்பட்டாவில், பாதி தரையில். இதை வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளையைக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். அம்மாவால் சொல்ல முடியவில்லை. அண்ணிதான் பின்னாலிருந்து வந்து சொன்னாள். அக்கா குழந்தையை அவளிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவர் கை அப்படியே, குழந்தையைப் பிடித்த வளைவில் கொஞ்ச நேரம் நின்றது.

மாமி எழுந்து வந்து தரையைப் பார்த்தார்.

“தவிடு கொட்டினா எறும்பு வரும்” என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் காலடியில் குனிந்து பெருக்க ஆரம்பித்தார். அக்கா துடைப்பத்தை வாங்கப் போனார், மாமி கொடுக்கவில்லை.

*

திரும்பி வரும்போது அண்ணி குழந்தையோடு முன்னால் வேகமாக நடந்தாள். அண்ணன் எங்களுக்கு வெகுதூரம் பின்னால். நான் அம்மாவிடம் கேட்டேன். என்னை மாமியிடம் போட்ட அன்றே திருப்பி வாங்கினாயா?

அம்மா வெறும் முறத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“உங்கப்பா வேணாம்னுட்டாரு” என்றாள். “அங்கயே இருக்கட்டும், நல்ல சோறு துன்னும், பொட்டப்புள்ளதானேன்னாரு. தவிட்ட எடுக்க உடல.”

“எத்தினி நாளு?”

“கொஞ்ச நாளு. பால் கட்டிக்கினு காய்ச்சல் வந்துச்சி எனக்கு. நானா எழுந்து போய் வாங்கியாந்தேன். அந்தம்மா ஒண்ணும் சொல்லாம குடுத்தாங்க. அழுதுக்கினே குடுத்தாங்க.”

என் அப்பா என்னை மடியில் வைத்துத் தறி நூலைத் தார்க்குச்சியில் சுற்றக் கற்றுக்கொடுத்தவர். நான் எட்டாவது படிக்கும்போது இறந்தார். அதுவரை அவர் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. முறத்தை அம்மாவிடமிருந்து வாங்கி நான் தூக்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெருவில் தறிச்சத்தம் வழக்கம்போலக் கேட்டது. ஒவ்வொரு வீட்டையும் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

குழந்தைக்கு நான் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் காட்டிய பிறகு காய்ச்சல் நின்றது. எதனால் நின்றது என்று அம்மாவிடம் நான் வாதாடுவதில்லை. அண்ணி அண்ணனோடு பேச வெகுகாலம் ஆயிற்று. சோற்றை வைப்பாள், போய்விடுவாள். அவன் அந்த மஞ்சள் பாவாடையை வேறு எதையும் விட நிதானமாக நெய்தான். தறியிலிருந்து அறுத்ததும் அக்காவிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். உள்ளே வரச் சொன்னார்களாம், இவன் ரேழியோடு வந்துவிட்டான்.

அக்கா ஊருக்குக் கிளம்புமுன் எங்கள் வீட்டுக்கு வந்தார். துப்பட்டாவில் வாங்கிய தவிட்டில் ஒரு பிடியை மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இதைச் சைனாவில் யாரிடம் கொடுப்பது என்று அம்மாவைக் கேட்டார். விமானத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நான் குறுக்கே சொன்னேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

“புள்ளைய எடுத்த வாசல்ல கொட்டிட்டு, திரும்பிப் பாக்காம தூக்கிக்கினு வந்துடுங்க” என்றாள் அம்மா. “பெத்தவ எங்க இருந்தாலும் அவகிட்ட சேந்த கணக்குதான்.”

அது அங்கே போய்ச் சேர்ந்ததா, விமான நிலையக் குப்பையில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அக்கா எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் என் கம்ப்யூட்டருக்கு அக்காவின் இமெயில் வந்தது. ஒரே வரி, ஒரு படம். மாமிக்குக் காட்டு என்று எழுதியிருந்தார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகலாம் என்று எழுந்தேன். அதற்குள் மாடிப்படியில் சத்தம். மகன் போனில் சொல்லியிருக்கிறார். மாமி அந்தச் செங்குத்தான படியில், ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்துகொண்டிருந்தார். என் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தேன். அது சுழன்றதில் பயந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

படம் மேலிருந்து இறங்கியது. முடி வளர்ந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கொத்தாகக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் கறுப்புச் சாந்து, கோணலாக. பிறகு கண்கள். மாமி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து, கை, அப்புறம் அண்ணன் நெய்த மஞ்சள், அரக்குக் கரை. பாவாடை அநியாயத்துக்கு நீளம். காலே தெரியவில்லை, தரையில் குவியலாகக் கிடந்தது.

என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் காத்திருந்தேன்.

“யாருடி அளவெடுத்தது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உள்பக்கமா ரெண்டு மடிப்பு வெச்சுத் தைக்கச் சொல்லு. வெட்டிடப் போறா. வருஷா வருஷம் பிரிச்சு விட்டா அவளுக்கு நாலு வயசு வரைக்கும் வரும். எழுது” என்றார்.

டைப் அடித்தேன். அனுப்பிவிட்டேன் என்றதும், போய்ச் சேர்ந்துதா என்று கேட்டார். சேர்ந்தது என்றேன். அவர் நம்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.

இறங்கும்போது படியில் பிடிக்கக் கம்பி இல்லை. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டார் யாரையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கை என்னை ஒரு காலத்தில் சில நாள் தூக்கி வைத்திருந்த கை என்று, மருந்துக் கடை வாசல் வரைக்கும், ஒவ்வொரு படியிலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டே இருந்தது.